அப்பாவை மருந்து ஆய்வில் சேர்க்கலாமா? பார்க்கின்சன் நோயும் ஒரு கையெழுத்தும்

கேள்வி: நாங்கள் கோப்பாயில் இருக்கிறோம். அப்பாவுக்கு 66 வயது. பார்க்கின்சன் நோய் என்று கண்டுபிடித்து நான்கு வருடமாகிறது. கிளினிக்கில் ஒரு மருந்து ஆய்வில் சேரும்படி கேட்டிருக்கிறார்கள். நோய் முற்றுவதை மெதுவாக்குமா என்று பார்க்கும் புதுக் குளிசையாம். சேருபவர்களில் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாவுக் குளிசைதான் கொடுப்பார்களாம். கனடாவில் இருக்கும் சித்தப்பா, "அண்ணாவைப் பரிசோதனை எலி ஆக்க விடாதே" என்கிறார். பக்கத்து வீட்டு மாமி பூனைக்காலிப் பொடி கொடுக்கச் சொல்கிறார். அம்மாவோ, "இருக்கிற குளிசையையே கூட்ட வேண்டாம், பிறகு அது கேட்காமல் போய்விடும்" என்று பயப்படுகிறார். கையெழுத்து வைக்கலாமா? மகளாக நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

தங்கச்சி, உங்கள் கேள்வியில் சித்தப்பா பேசுகிறார், மாமி பேசுகிறார், அம்மா பேசுகிறார். அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இந்த நோய் வந்த வீடுகளில் நடப்பதே இதுதான். முகத் தசைகள் இறுகிவிடுவதால் சந்தோஷமோ கோபமோ முகத்தில் தெரிவதில்லை. குரல் தாழ்ந்து ஒரே சீராக வருகிறது. ஒன்றைக் கேட்டால் பதில் வரக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கிறது. அந்த இடைவெளிக்குள் பக்கத்தில் இருப்பவர், "அவருக்குச் சம்மதம்தான் டொக்டர்" என்று சொல்லிவிடுகிறார். பார்ப்பவர்களும், மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை, எதிலும் அக்கறையில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான்கு வருட நோயில் பெரும்பாலானவர்களுக்குச் சிந்தனை தெளிவாகவே இருக்கும். உடம்பு அவருடையது, கையெழுத்தும் அவருடையது. காலைக் குளிசை வேலை செய்யத் தொடங்கி உடம்பு இலகுவாக இருக்கும் நேரம் பார்த்து, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, எதிரே உட்கார்ந்து கேளுங்கள். கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள்.

நான் நரம்பியல் பிரிவில் நீண்டகாலம் வேலை செய்தவன். ஆய்வுகளுக்கான ஒப்புதல் படிவத்தை நோயாளிகளுக்கு வாசித்து விளக்கும் பொறுப்பிலும் இருந்திருக்கிறேன். என்னுடைய பதில் இதுதான்: அப்பாவுக்கு விருப்பமென்றால் சேரலாம். நோய் மாறிவிடும் என்ற எண்ணத்தோடு மட்டும் சேரக்கூடாது. சேருமுன் கேட்டுத் தெளிய வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றையும், வீட்டில் ஒவ்வொருவரும் சொன்னதற்கு ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் எழுதுகிறேன்.

நோயைப் பற்றித் தேவையான அளவு மட்டும். நடுமூளையில் கருநிறமான ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள கலங்கள் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரந்து நம் அசைவுகளை ஒழுங்குபடுத்துகின்றன. பார்க்கின்சன் நோயில் அந்தக் கலங்கள் கொஞ்சங் கொஞ்சமாக அழிகின்றன. கை நடுங்குகிறதே என்று வீட்டில் கவனிக்கும் நாளில் அவற்றில் பெரும்பங்கு போய்விட்டிருக்கும். மணம் தெரியாமல் போவது, மலச்சிக்கல், நித்திரையில் கத்திக் கைகால் உதறுவது போன்றவை பல வருடம் முன்னரே தொடங்கியிருக்கலாம். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்த நோயை விவரித்து எழுதினார். உருப்படியான மருந்து வருவதற்கு அதன்பின் 150 வருடம் சென்றது. 1950களின் பிற்பகுதியில் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் டோபமினின் பங்கைக் கண்டறிந்தார். 1960இல் வியன்னாவில் ஒலே ஹோர்னிகீவிச், இறந்த நோயாளிகளின் மூளையில் டோபமின் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டினார். 1967இல் நியூயோர்க்கில் ஜோர்ஜ் கொட்சியாஸ், டோபமினாக மாறும் மருந்தை மெல்ல மெல்லக் கூட்டிப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தார். பலன் கிடைத்தது. அப்பா இன்று போடும் லெவோடோபாக் குளிசை அந்த வழியில் வந்தது. அன்று பெயர் தெரியாத சில நோயாளிகள் சம்மதித்ததால்தான் இன்று உங்கள் வீட்டில் அது இருக்கிறது. ஆனாலும் அது குறைந்துபோன டோபமினை ஈடுசெய்கிறதே தவிர, கலங்கள் அழிவதை நிறுத்துவதில்லை. அழிவை மெதுவாக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை எதுவுமில்லை. அப்பாவைக் கேட்டிருப்பது அந்த மருந்தைத் தேடும் ஆய்வுகளில் ஒன்றாக இருக்க வேண்டும்.

இனி மாவுக் குளிசை. நம்பி வரும் மனிதருக்கு வெறும் குளிசை கொடுப்பதா என்று மனம் கொதிப்பது நியாயம். ஆனால் இந்த நோயில் அதற்குத் தனிக் காரணம் ஒன்று இருக்கிறது. 2001இல் கனடாவின் வன்கூவர் நகர ஆய்வாளர்கள், மருந்தே இல்லாத போலிச் சிகிச்சையைப் பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கொடுத்து, மூளையை விசேட ஸ்கான் மூலம் பார்த்தார்கள். மருந்து வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே மூளை டோபமினை வெளிவிட்டிருந்தது. அதாவது இங்கே நம்பிக்கை வெறும் மன ஆறுதலோடு நிற்பதில்லை, எந்த இரசாயனம் குறைவோ அதையே கொஞ்ச நேரத்துக்குச் சுரக்க வைக்கிறது. புதுக் குளிசை போட்டவுடன் அப்பா கலகலப்பாக நடந்தால் அது குளிசையின் வேலையா, நம்பிக்கையின் வேலையா என்று உங்களாலும் சொல்ல முடியாது, மருத்துவராலும் சொல்ல முடியாது. மருந்து பெறாத ஒரு குழுவோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

இதன் எல்லைக்கே போன ஓர் ஆய்வு அமெரிக்காவில் நடந்தது. 40 நோயாளிகளைச் சேர்த்து, 20 பேரின் மூளைக்குள் கருவிலிருந்து எடுத்த கலங்களை வைத்தார்கள். மற்ற 20 பேருக்கு மண்டையோட்டில் துளை மட்டும் இட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குச் சொல்லவில்லை. முடிவு 2001இல் வெளிவந்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. கலங்கள் பெற்றவர்களில் சிலருக்கு, குளிசையை நிறுத்தினாலும் நிற்காத தாறுமாறான அசைவுகள் பின்னர் வந்து சேர்ந்தன. பிறகு அந்த நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தைத் தனியாக ஆராய்ந்தபோது, தனக்குக் கலங்கள் வைத்திருக்கிறார்கள் என்று நம்பியவர்களே, உண்மையில் வைத்தார்களோ இல்லையோ, தாங்கள் நலமாக இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஒப்பிடுவதற்காக ஒருவரின் மண்டையோட்டைத் துளைத்தது சரியா என்று அப்போதே பெரிய விவாதம் எழுந்தது. எனக்கும் அதில் முழுச் சம்மதமில்லை. ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லாமலிருந்தால் அந்தச் சிகிச்சை பலன் தருகிறது என்ற பெயரோடு எத்தனையோ நாடுகளுக்குப் பரவியிருக்கும், அந்த அசைவுகளும் கூடவே பரவியிருக்கும் என்பதையும் மறுக்க முடியாது.

அப்பாவின் ஆய்வில் துளையிடும் பேச்சு இல்லை, குளிசைதான். நீங்கள் உறுதிப்படுத்த வேண்டியது ஒன்று: ஏற்கெனவே போடும் லெவோடோபாவும் மற்ற மருந்துகளும் இரண்டு குழுவினருக்கும் தொடரவேண்டும். ஒழுங்கான ஆய்வில் அப்படித்தான் இருக்கும். புதுக் குளிசையோ மாவுக் குளிசையோ அதற்கு மேலதிகமாகத்தான் வரும்.

புதுக் குளிசையில் பெரிய எதிர்பார்ப்பு வைக்கவேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்தப் பாதையில் தோல்விகள்தான் அதிகம். நீரிழிவுக்குக் கொடுக்கும் எக்செனடைட் என்ற ஊசிமருந்தை லண்டனில் 62 பார்க்கின்சன் நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2017இல் வெளிவந்தபோது நரம்பியல் உலகமே மகிழ்ந்தது. அசைவுகளில் நல்ல வித்தியாசம் தெரிந்தது. அதே மருந்தை 194 பேரிடம் 96 வாரங்கள் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2025இல் வந்தது. மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வித்தியாசமில்லை. கிரியேட்டின் என்ற சத்துப்பொருள் 1,741 பேரிடம் சோதிக்கப்பட்டு, பலன் தெரியாததால் 2013இல் இடைநிறுத்தப்பட்டது. கோஎன்சைம் கியூ-10 என்ற இன்னொரு சத்துப்பொருளை 600 பேரிடம், ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம், 2,400 மில்லிகிராம் என்று இரு பெரிய அளவுகளில் கொடுத்துப் பார்த்து 2014இல் பலனில்லை என்று அறிவித்தார்கள்.

இந்தக் கியூ-10ஐ விசேடமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் பார்க்கின்சன் நோயாளி உள்ள வீட்டில் மருந்துப் பெட்டியைத் திறந்தால், வெளிநாட்டுச் சொந்தக்காரர் பாசத்தோடு அனுப்பிய கியூ-10 போத்தல் ஒன்று இருக்கக் கண்டிருக்கிறேன். சித்தப்பா இனி அனுப்ப நினைத்தால், அந்தப் பணத்துக்கு அப்பாவுக்கு ஒரு நல்ல கைபிடிக் கம்பி குளியலறையில் பூட்டித் தரச் சொல்லுங்கள். கியூ-10ஆல் பலனில்லை என்பது 600 பேர் மாதக்கணக்கில் குளிசை விழுங்கிக் கண்டுபிடித்துத் தந்த விடை. "பலனில்லை" என்ற முடிவும் நமக்குக் கிடைத்த மருத்துவ அறிவுதான் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதைவிட அழுத்தமான உதாரணம் தலைக் காயம். மோட்டார் சைக்கிள் விபத்தில் தலை அடிபட்டு வருபவர்களுக்கு மூளை வீக்கம் குறையும் என்று ஸ்டீரொயிட் ஊசி கொடுப்பது உலகம் முழுவதும் பல பத்தாண்டுகளாக இருந்த வழக்கம். கொடுத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். 49 நாடுகளில் 10,008 நோயாளிகளைச் சேர்த்துச் செய்த கிராஷ் ஆய்வு 2004இல் வெளிவந்தது. இரண்டு வாரங்களுக்குள் இறந்தவர்கள் ஊசி பெற்றவர்களில் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9 சதவீதம். உயிர் காக்கும் என்று நினைத்த ஊசி உயிரைப் பறித்துக்கொண்டிருந்தது. அந்த ஆய்வு இல்லாவிட்டால் இன்றும் வாட்டுகளில் அதைக் குத்திக்கொண்டிருப்போம்.

ஆகவே சித்தப்பாவின் எலிப் பேச்சுக்கு வருவோம். அவருடைய பயத்துக்கு வரலாற்றில் ஆதாரம் இருக்கிறது. நோயாளிகளுக்குச் சொல்லாமல் அவர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் 20ஆம் நூற்றாண்டில் நடந்திருக்கின்றன. அதனால்தான் 1964இல் உலக மருத்துவச் சங்கம், மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கான நெறிமுறைகளைச் சொல்லும் ஹெல்சிங்கிப் பிரகடனத்தைக் கொண்டுவந்தது. எலியிடம் யாரும் கேட்பதில்லை, எலி பாதியில் எழுந்து போகவும் முடியாது. அப்பா போகலாம். இன்று கையெழுத்து வைத்து நாளைக்கே வேண்டாம் என்று சொல்லலாம். காரணம் கூறத் தேவையில்லை. அதற்காக கிளினிக்கில் அவருக்குக் கிடைக்கும் வழக்கமான சிகிச்சையைக் குறைக்கக்கூடாது. இலங்கையில் மருந்து ஆய்வு ஒன்று நடப்பதானால், சேருபவர்களின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்க்கும் நெறிமுறைக் குழு அதற்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் அப்படியொரு குழு இருக்கிறது. இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் தொடக்கிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இங்கே நடக்கும் ஆய்வுகளைப் பதிவு செய்கிறார்கள், பொதுமக்களும் அதைப் பார்க்கலாம். படிவத்தில் அனுமதி இலக்கமும் பதிவு இலக்கமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இல்லாவிட்டால் கையெழுத்து வைக்க வேண்டாம், மேற்கொண்டு யோசிக்கவும் வேண்டாம்.

படிவம் தமிழில் இருக்கவேண்டும், அதுவும் வாசித்தால் விளங்கும் தமிழில். மானிப்பாயில் சாமுவேல் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவக் கல்வியைத் தமிழில் நடத்திக் காட்டிய மண் இது. நீங்கள் அதைக் கேட்டு வாங்குவதில் கூச்சமே வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறுதலாக வாசிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அவசரப்படுத்துபவரிடம் கையெழுத்துக் கொடுக்காதீர்கள்.

அம்மாவின் பயம் ஊரெங்கும் உள்ள பயம். இதனால் வீணாகக் கஷ்டப்படுபவர்கள் அநேகர் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். லெவோடோபாவைத் தள்ளித் தள்ளிப் போட்டால் அதன் "சக்தி" பின்னுக்கு மிஞ்சியிருக்கும் என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் ஒரு காலத்தில் இருந்தது. வருடங்கள் போகப்போக, குளிசையின் வேலை அடுத்த வேளைக்கு முன்னரே தீர்ந்துபோவதும், உடம்பு தானாக நெளிவதும் வருவது உண்மை. அது குளிசை போட்ட வருடங்களாலா, நோய் வளர்ந்த வருடங்களாலா என்பதுதான் கேள்வி. ஆபிரிக்காவின் கானாவில் மருந்து கிடைக்காததால் நோயாளிகள் பலர் தாமதித்தே லெவோடோபா தொடங்கினார்கள். அவர்களை இத்தாலி நோயாளிகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வந்தது. தாமதித்துத் தொடங்கியும், நோயின் ஏறத்தாழ அதே வருடத்தில் அதே சிக்கல்கள் வந்தன. தாமதித்ததில் ஒரு இலாபமும் இல்லை, இடையில் போன வருடங்கள் கஷ்டத்தில் போனதுதான் மிச்சம். நெதர்லாந்தில் 445 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு உடனேயும் மற்றவர்களுக்கு 40 வாரம் கழித்தும் லெவோடோபா தொடங்கினார்கள். 80ஆவது வாரத்தில் இரு குழுவும் ஒரே நிலையில் இருந்தன. முந்தித் தொடங்கியதால் கெடுதலும் இல்லை, நோய் மெதுவாகவும் இல்லை. ஆகவே, மருத்துவர் அளவைக் கூட்டச் சொன்னால் அப்பா விறைத்துப்போய்க் கதிரையில் இருந்து அதைச் சேமித்து வைக்கத் தேவையில்லை என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் அவர் கவனிக்கட்டும்: இந்தக் குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர் கொடுப்பது நல்லது. மீன், இறைச்சி, பருப்பு, பால்மா ஆகியவற்றிலுள்ள புரதம் குளிசை உடம்பில் சேருவதைத் தடுக்கும். இரும்புச் சத்துக் குளிசையையும் சேர்த்துக் கொடுக்கக்கூடாது.

மாமியின் பூனைக்காலியை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. நம் முன்னோரின் வைத்தியத்தில் அது சேர்ந்தது தற்செயலாக இருக்க முடியாது. குளிசை வாங்க வசதியற்ற நாடுகளுக்கு உதவுமா என்று அறிய, பொலிவியாவில் 18 நோயாளிகளிடம் வறுத்த பூனைக்காலிப் பொடியை முறையாகச் சோதித்து 2017இல் எழுதினார்கள். ஒற்றை வேளையாகக் கொடுத்தபோது அது லெவோடோபாக் குளிசைக்குக் குறையாமல் வேலை செய்தது. அதையே 14 பேருக்குத் தினமும் கொடுத்துப் பார்த்தபோது கதை மாறியது. பாதிப் பேர் வயிற்றுக் கோளாறாலோ அசைவுகள் மோசமானதாலோ இடையில் நிறுத்த வேண்டி வந்தது. கடையில் வாங்கும் பொடியில் மருந்துச் சத்து எவ்வளவு என்று ஒவ்வொரு பைக்கற்றுக்கும் மாறும். அப்பா ஏற்கெனவே போடும் குளிசையின் மேல் இதையும் கொடுத்தால், ஒரே மருந்தை இரண்டு வழியால் கொடுத்ததாகிவிடும். ஆய்வில் சேர்ந்தபின் இரகசியமாகக் கொடுத்தால் அப்பாவுக்கும் ஆபத்து, ஆய்வின் முடிவும் கெட்டுவிடும். சித்த வைத்தியரிடம் போவதானால் போங்கள், ஆனால் இரு பக்கத்துக்கும் ஒளிக்காமல் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஆய்வென்றால் வெளிநாட்டுக்காரர் விடயம் என்று இங்கே ஒரு எண்ணம் இருக்கிறது. நரம்பு வருத்தங்களைப் பற்றி உலகம் இலங்கையிடமிருந்து கற்றவை உண்டு. 1977-78இல் மலையகத் தோட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்ட இளம் பெண்பிள்ளைகளுக்குக் கைகால் வலுவிழந்தது. மருத்துவர்கள் நிமல் சேனநாயக்காவும் ஜெயரத்தினமும் தேடிப்போய், அந்தப் பிள்ளைகள் எல்லோரையும் இணைத்த ஒரு விடயத்தைக் கண்டார்கள். பெரிய பிள்ளையானதும் வழக்கப்படி குடிக்கக் கொடுத்த நல்லெண்ணெய்தான் அது. அந்த எண்ணெயில் ட்ரைகிரெசைல் பொஸ்பேட் என்ற நஞ்சு கலந்திருந்தது. சாமத்தியச் சடங்கில் என்ன கொடுப்பார்கள் என்று தெரிந்தவர்கள் இங்கே இருந்ததால்தான் அந்தக் கேள்வியையே கேட்க முடிந்தது. 1987இல் பேராதனையிலிருந்து சேனநாயக்காவும் கரலியத்தவும் இன்னொன்றை எழுதினார்கள். பூச்சிமருந்து நஞ்சிலிருந்து தப்பிவிட்டார் என்று நினைத்த நோயாளிக்கு, ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போய், மூச்சுத் தசைகளும் தளர்ந்துவிடும். 10 நோயாளிகளைக் கவனித்து எழுதியது அது. இன்று தோட்டக்காணிகள் உள்ள ஊர்களின் ஆஸ்பத்திரிகளில், "தலையைத் தூக்குங்கள் பார்ப்போம்" என்று தாதி கேட்பதற்குப் பின்னால் அந்தக் கவனிப்பு இருக்கிறது. பாரிசவாதம் வந்தவரை முதல் நாள் மல்லாக்கப் படுக்க வைப்பதா, தலையை உயர்த்தி வைப்பதா என்று 11,093 பேரிடம் ஆராய்ந்த ஹெட்போஸ்ட் ஆய்வில் இலங்கை நோயாளிகளும் இருந்தார்கள். இரண்டிலும் வித்தியாசமில்லை என்று 2017இல் தெரிந்தது. பார்க்கின்சன் மருந்து ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும்தான் நடந்திருக்கின்றன. நம் உடம்பு, நம் சாப்பாடு, நம் வெயில் இவற்றோடு ஒரு மருந்து எப்படிப் போகும் என்று அறிய வேண்டுமானால் நம்மவர்களும் அதில் இருக்க வேண்டும். அப்பா சேர்ந்தால் நான் மனதார மகிழ்வேன்.

இப்போது, படிவத்தில் சின்ன எழுத்தில் போய்விடும் ஒரு விடயம். இந்த ஆய்வுகளில், குளிசையின் உதவியில்லாமல் நோய் எவ்வளவு என்று அளப்பதற்காக, முதல் நாள் இரவிலிருந்து லெவோடோபாவை நிறுத்தி, காலையிலும் அதைப் போடாமலே வரச் சொல்வது வழக்கம். அப்போதுதான் அளவு சரியாக வரும். மருத்துவ ரீதியாக அது சரிதான். ஆனால் அந்தக் காலை எப்படியிருக்கும் என்று யோசியுங்கள். இரவில் கட்டிலில் புரள முடியாது. எழும்பி மலசலகூடம் போக ஒருவர் பிடிக்க வேண்டும். சேட்டுப் பொத்தானை அம்மாதான் பூட்ட வேண்டும். கால் நிலத்தோடு ஒட்டியது போல நிற்கும். அந்த நிலையில் கோப்பாயிலிருந்து முச்சக்கரவண்டியில் வருவதே கஷ்டம். நெடுந்தீவிலிருந்து படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வர வேண்டிய நோயாளி என்ன செய்வார்? ஆய்வு செய்பவர்களிடம் கேளுங்கள்: இப்படிக் குளிசையில்லாமல் எத்தனை தடவை வரவேண்டும்? வாகனம் தருவார்களா? முதல் நாளே வந்து தங்கலாமா? அளந்து முடிந்த உடனே அங்கேயே குளிசை கொடுப்பார்களா? இதைக் கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். நல்ல ஆய்வாளர் இதற்கு ஆயத்தமாக இருப்பார்.

எதை அளக்கிறார்கள் என்றும் கேளுங்கள். வழக்கமான அளவுகோலில், பெருவிரலையும் சுட்டுவிரலையும் தட்டுவது, கையைப் பொத்தி விரிப்பது, கதிரையிலிருந்து எழும்புவது ஆகியவற்றைப் பார்த்துப் புள்ளி போடுவார்கள். அவை தேவைதான். அப்பாவை வருத்துவது வேறாக இருக்கலாம். கலியாண வீட்டுப் பந்தியில் சோறு கையிலிருந்து சிந்துவதால் போகாமல் விடுகிறாரா, நல்லூர்த் திருவிழாக் கூட்டத்துக்குள் கால் நின்றுவிடும் என்று பயப்படுகிறாரா, மலச்சிக்கலா, நித்திரையின்மையா, மனச்சோர்வா? மனச்சோர்வும் இந்த நோயின் பகுதிதான், அவருடைய பலவீனம் அல்ல. இவற்றையும் கேட்டு எழுதும் ஆய்வு நல்ல ஆய்வு. கேட்காவிட்டால் அப்பாவே சொல்லட்டும், அல்லது நீங்கள் எழுதிக் கொடுங்கள். அம்மாவின் நிலையையும் யாராவது கேட்டால் நல்லது. இரவில் எத்தனை தடவை எழும்புகிறார் என்று அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ஆய்வு முடியக் காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியது உடற்பயிற்சி. 2010இல் நெதர்லாந்தின் நரம்பியல் நிபுணர் பஸ்தியான் புளூம் 58 வயது நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். பத்து வருட நோய், நடக்கத் தொடங்கினால் கால் ஒட்டி விழுந்துவிடுவார். ஆனால் சைக்கிளில் ஏறினால் தடுமாறாமல் ஓட்டினார், இறங்கியதும் கால் மறுபடி ஒட்டிக்கொண்டது. சைக்கிளில் வாழ்ந்த யாழ்ப்பாணத்து மனிதர்களுக்கு இது ஆறுதலான செய்தி. 2019இல் அதே நாட்டில் 130 பேரை வைத்துச் செய்த ஆய்வில், வீட்டில் நிறுத்திவைத்த சைக்கிளை ஆறு மாதம் ஒழுங்காக மிதித்தவர்களுக்கு, வெறும் நீட்டிமடக்கும் பயிற்சி செய்தவர்களைவிட அசைவுகள் குறைவாகவே கெட்டன. அப்பாவைப் பலாலி வீதியில் ஓட விடாதீர்கள். விறாந்தையில் நிறுத்திவைத்து மிதிக்கும் சைக்கிள் போதும், மூச்சு வாங்கும் அளவுக்கு மிதிக்க வேண்டும். இதயத்தைப் பற்றி மருத்துவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வாசற்படியடியில் கால் ஒட்டினால், நிலத்தில் ஓரடி இடைவெளியில் குறுக்குக் கோடுகள் கீறிவிடுங்கள். கோட்டைத் தாண்டுவதாக நினைத்துக் காலெடுத்தால் கால் வரும். இயன்மருத்துவர் இதைப் பக்கத்தில் நின்று பழக்குவார்.

கடைசியாகக் கேட்க வேண்டியது: ஆய்வு முடிந்து, மருந்து நல்லது என்று தெரிந்தால், அப்பாவுக்கு அது தொடர்ந்து கிடைக்குமா? யார் தருவார்கள், எவ்வளவு காலத்துக்கு? 2022இல் சாதாரண மருந்துகளுக்கே நாம் அலைந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பக்கவிளைவால் ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் செலவையும் இழப்பீட்டையும் யார் பொறுப்பெடுப்பார்கள் என்பதும் படிவத்தில் எழுத்தில் இருக்கட்டும். வாய்ப் பேச்சு போதாது.

அப்பா சம்மதித்துச் சேர்ந்தால், படிவத்தின் ஒரு பிரதியையும் ஆய்வு மருத்துவரின் தொலைபேசி இலக்கத்தையும் கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள். நடு இரவில் காய்ச்சல், வாந்தி என்று வேறு ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால் முதலில் அந்தக் கொப்பியைக் காட்டுங்கள். பார்க்கின்சன் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம், அதனால் வாட்டில் அனுமதித்தாலும் நேரத்துக்குக் குளிசை வேண்டும் என்று கேளுங்கள். வாந்திக்கு வழக்கமாகப் போடும் மெற்றோகுளோபிரமைட் ஊசி இந்த நோயைக் கூட்டும். "அப்பாவுக்குப் பார்க்கின்சன், அந்த ஊசி வேண்டாம்" என்று கொப்பியின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.